தானாகக் குதித்த குழந்தை

வீடியோவோடு அனுப்பும் படிவத்தில் ‘குழந்தை எப்படிக் குதித்தது?’ என்ற கேள்விக்கு நேரே ‘தானாக’ என்று எழுதியபோது அவளுக்கு உறுத்தவில்லை. உறுத்தல் வந்தது ஒரு மாதம் கழித்துத்தான்.

அவள் உளவியக்கச் சிகிச்சையாளர். குழந்தைகளை மெத்தையிலும் மேடையிலும் ஏறவிட்டு, உருளவிட்டு, குதிக்கவிட்டு, உடம்பின் வழியாக மனதின் பயத்தைத் தெளிவிக்கிற வேலை. அந்த வேலைக்குக் கறாரான ஒரு விதி உண்டு. குழந்தை தானாக முன்வரும்வரை காத்திருக்க வேண்டும். இழுக்கவும் கூடாது, தள்ளவும் கூடாது. ஏழு நாடுகளில் இதே வேலை செய்கிறவர்கள் மாதம் ஒருமுறை இணையத்தில் கூடி, தங்கள் வீடியோக்களைக் காட்டி, ஒருவரிடம் ஒருவர் கற்றுக்கொண்டார்கள். அவளும் அதில் ஒருத்தி.

அவளிடம் வந்த ஆறு வயதுச் சிறுமி ஏழு மாதமாக மர மேடைமேல் ஏறுவாள். கைப்பிடிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றுவிடுவாள். வீடியோ அனுப்பக் கடைசி நாள் வந்தது. இவள் கம்பியைக் கழற்றிப் பார்த்தாள். அப்போதும் சிறுமி அசையவில்லை. இவள் பின்னால் போய், முதுகில் இரண்டு விரலை வைத்தாள். பூவைத் தொடுகிற மாதிரிதான் வைத்தாள். ஆனாலும் தள்ளல் தள்ளல்தானே! எதிரே இருந்த கேமராவில் விரல் விழவில்லை. மெத்தையை நோக்கிப் பறந்து வரும் குழந்தை மட்டும் விழுந்தது.

கூட்டத்தில் எல்லோரும் கைதட்டினார்கள். குளிர் நாட்டிலிருந்து பேசும் ஓர் அம்மாள், எப்போதும் கம்பளித் தொப்பியோடு இருப்பதால் இவள் வீட்டில் ‘தொப்பிக்காரம்மா’, தன்னிடம் வரும் பெண் குழந்தைக்கும் கம்பியைக் கழற்றிப் பார்க்கப் போவதாகச் சொன்னார்.

இங்கேயோ, அன்றிலிருந்து சிறுமி சுவரோடு முதுகை ஒட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள்.

“இன்னிக்கு மீட்டிங்தானே? படிக்காம பரீட்சைக்குப் போற பிள்ளை மாதிரி ஏன் இந்த மூஞ்சி?” என்றான் கணவன், சட்டைக்கு இஸ்திரி போட்டபடி.

அவள் எல்லாவற்றையும் சொன்னாள். அவன் பெட்டியை நிமிர்த்தி வைத்தான்.

“சொன்னா என்ன ஆகும்?”

“என்னை நம்பி இங்க பயிற்சி மையம் ஆரம்பிக்கிற பேச்சு அதோட போச்சுங்க. என்னையும் குழுவிலேர்ந்து வெளியே அனுப்பிடலாம்.”

“சொல்லலேன்னா?”

“அங்க ஒரு பிள்ளை விழும்.”

“அப்புறம் என்கிட்ட என்ன கேள்வி? சாமி அந்த வீடியோவ எப்பவோ பார்த்தாச்சு. நீ எந்தப் பக்கம் கேமரா வெச்சாலும் அவருக்குத் தெரியும்.”

அவளுக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணும் கலங்கியது.

கூட்டம் தொடங்கியதும், தலைவர் வணக்கம் சொல்லி முடிக்குமுன், “முதல்ல நான் ஒண்ணு சொல்லணும்” என்றாள். சொன்னாள். மொழிபெயர்ப்பாளர் அதைச் சொல்லி முடித்ததும் திரையில் இருந்த முகங்கள் ஒவ்வொன்றாகக் குனிந்தன.

“தானாகன்னு எழுதினது நீங்கதானா?” என்று தலைவர் கேட்டார்.

“நான்தான்.”

“வீடியோவை எடுத்துடறோம். பயிற்சி மையத்தைப் பத்தி இனிமே பேச வேண்டாம்.”

அதை அவள் எதிர்பார்த்துத்தான் வந்திருந்தாள். எதிர்பாராதது தொப்பிக்காரம்மாவின் முகம். இன்று தலையில் தொப்பி இல்லை. அவர் பேசப் பேச, மொழிபெயர்ப்பாளரின் குரல் காதில் தயங்கித் தயங்கி வந்தது.

“போன வாரமே கம்பியைக் கழட்டிட்டாங்களாம். பொண்ணு தடுமாறி விழுந்து மணிக்கட்டு ஒடிஞ்சு போச்சாம். உங்க குழந்தை தானா குதிச்சுது, இங்க மட்டும் ஏன் இப்படின்னு, தனக்கு இந்த வேலையே தெரியலைன்னு நினைச்சாங்களாம். ராஜினாமா கடிதம்கூட எழுதிட்டாங்களாம்... உங்க மேல ரொம்பக் கோபமா இருக்காங்க.”

“இருக்கட்டும். கோபப்படணும்” என்றாள் அவள்.

தொப்பிக்காரம்மா ஏதோ கேட்டார். பிறகு மீண்டும் அந்தக் குரல்.

“உங்ககிட்ட வர்ற பிள்ளை இப்ப எங்க உட்காருதுன்னு கேக்கறாங்க.”

“சுவர் ஓரமா.”

“அவங்க பிள்ளை மேசைக்கு அடியிலயாம். அந்தக் கடிதத்தை இப்போதைக்கு அனுப்பலையாம். நாளைக்கு நீங்க ரெண்டு பேர் மட்டும் பேசலாமான்னு கேக்கறாங்க. வீடியோ எதுவும் காட்ட வேண்டாமாம். காத்திருக்கிறது எப்படின்னு முதல்லேர்ந்து பேசலாமாம்.”

மன்னித்துவிட்டேன் என்று அந்த அம்மாள் சொல்லவில்லை. அந்தக் கோபத்துக்கு நடுவிலும், உட்கார்ந்து பேச இவளுக்கும் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டார், அவ்வளவுதான். சில நேரம் கருணை அந்த அளவில்தான் வருகிறது, அதுவே பெரிது.

“பேசலாம். ஒடிஞ்சது எந்தக் கைன்னு கேளுங்க.”

“வலது கையாம்.”

“எழுதற கையா?”

“ஆமாங்க. படம் வரையறதுன்னா அதுக்கு உசிராம்.”

அன்று மாலை சாமி விளக்கின் முன் நின்றபோது தனக்கென்று எதையும் கேட்க அவளுக்கு வாய் வரவில்லை. தான் பார்த்தே இராத ஒரு பிள்ளையின் வலது கைக்காக மட்டும் கேட்டாள்.