இடது பக்கத்து கிட்டார்

பொம்மையனுக்கு இங்கிலீஷ் எட்டாம் வகுப்போடு சரி. ஆனால் ராக் ஆல்பங்களைப் பற்றி அவன் வாயைத் திறந்தால், காந்திகிராமத்துக் காலேஜில் படிக்கிற பையன்களெல்லாம் வாயை மூடிக்கொள்வார்கள். "மொத ஆல்பம் பசியோட பாடுனது. ரெண்டாவது, தின்னுட்டுப் பாடுனது. மூணாவது, தின்னது செரிக்காமப் பாடுனது" என்பான். ஒரு பேண்டின் ஆறு வருசத்துக் கதையை இதைவிடச் சுருக்கமாக எந்தப் பெரிய மனுசன் சொல்லிவிடப் போகிறான்?

திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் கேசட் ரெக்கார்டிங் கடை வைத்திருந்த முகமது பாரூக், அவனுக்குப் பள்ளிக்கூடத்துக் கூட்டாளி. குவைத்திலிருந்து பாரூக்கின் மச்சான் அனுப்புகிற ஆல்பங்கள் முதலில் பொம்மையன் கைக்குத்தான் போகும். கேட்டுவிட்டு ஒவ்வொன்றுக்கும் ஓர் அட்டையில் நாலு வரி எழுதித் தருவான். அந்த அட்டைகளைப் படித்துத்தான் பையன்கள் எதைப் பதிவது என்று முடிவு செய்வார்கள். வடமதுரைப் பக்கம் ஒரு நூல் மில்லில் தினம் எட்டு மணி நேரம் மிஷின் இரைச்சலில் நிற்கிறவன் அவன். அங்கே அவனை "ஏலே" என்றுதான் கூப்பிடுவார்கள். அவன் சொல்லுக்கு மரியாதை இருந்தது அந்த அட்டைகளில் மட்டும்தான்.

தொண்ணூற்றெட்டாம் வருசம் பிறந்ததிலிருந்து அட்டைகள் கடுகடுவென்று வந்தன. 'டிரம்காரனுக்குச் சிம்பல் தாளம் தட்டக்கூடத் தெம்பில்லை.' 'பாடுகிறவன் போர்வைக்குள் படுத்துக்கொண்டு பாடுகிறான்.' ஆடி மாதம் வந்த ஓர் அமெரிக்க ஆல்பத்துக்கு இரண்டே வரி: 'கிட்டாரே இல்லாத பேண்டு. கேசட்டுக்குக் கேடு.'

அந்த அட்டையைக் கொடுத்த மூன்றாம் நாள் பகலில் பொம்மையன் கடைக்குப் போனபோது பாரூக்கின் முகம் சரியில்லை.

"மாப்ள, அத முழுசாக் கேட்டியா நீ?"

"ரெண்டு தடவ கேட்டேன். ஏன்?"

"காந்திகிராமத்துப் பய ஒருத்தன் அட்டையப் பாத்துச் சிரிச்சுட்டுப் போறான். ஆல்பம் பூராம் கிட்டார்தானாம்."

பொம்மையனுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "அவன் காதுல பஞ்ச வச்சு அடைக்க. போடு, பாப்பம்."

பாரூக் கடையின் பெரிய ஹெட்போனை அவன் தலையில் மாட்டிப் பாட்டைத் தட்டிவிட்டான். டிரம் கேட்டது, பாடுகிறவன் குரல் கேட்டது. கிட்டாரைக் காணோம். பொம்மையன் ஜெயித்தவன்போல் சிரித்தான்.

"எங்கடா கிட்டாரு? மொதல்ல இத மாத்து. எடது பக்கம் செத்துக் கெடக்கு. நானும் இந்த வருசம் மூணு இயர்போன் வாங்கிட்டேன், எல்லாம் எடது பக்கந்தான் போவுது. என்னத்தச் செய்யிறானுகளோ."

பாரூக் ஹெட்போனைக் கழற்றித் தன் காதில் வைத்துப் பார்த்தான். இடது பக்கம் கிட்டார், வலது பக்கம் டிரம் என்று பிரித்துப் பதிந்திருந்தார்கள்; இரண்டுமே கேட்டன. பிறகு அதை இடம் வலமாகத் திருப்பிப் பொம்மையனுக்கு மாட்டினான்.

கிட்டார் வந்தது. வலது காதில் வந்தது. டிரம்தான் காணாமல் போயிருந்தது.

மூன்று இயர்போன்களும் அவனுக்கு ஞாபகம் வந்தன. ஒன்றைச் சுவரில் அடித்து உடைத்திருந்தான். எந்தக் கம்பெனிக்காரனும் ஏமாற்றவில்லை, செத்தது தன் காது என்று புரிந்தபோது ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டான்.

"கெணத்துக்குள்ள இருந்து வாசிக்கிற மாதிரி இருக்கேடா. ஒனக்கும் அப்பிடித்தானே கேட்டுச்சு?"

பாரூக் தலையசைத்தான். "இல்ல மாப்ள. பளிச்சுன்னு இருக்கு."

அப்படியானால் வலதும் போகிறது. சிம்பல் தட்டத் தெம்பில்லாதவனும் போர்வைக்குள் பாடியவனும் ஒரு பாவமும் அறியாதவர்கள். பொம்மையன் பாய்ந்து சத்தத்தைக் கூட்டினான். ஹெட்போனை மீறி வந்த பாட்டைக் கேட்டுப் பக்கத்துக் கடைக்காரர் எட்டிப் பார்த்தார்.

"இன்னும் வையிடா!"

"இதுக்கு மேல இல்ல. இருக்குறதையும் கெடுத்துக்காத." பாரூக் அவன் கையைப் பிடித்தான். "அந்த மில்ல விட்டுரு மாப்ள."

"விட்டுட்டு? பொண்டாட்டிக்கு அடுத்த மாசம் பிரசவம். எனக்கு வேற என்னடா தெரியும்?"

அவனுக்குத் தெரிந்தது இரண்டே தொழில். ஒன்று மற்றொன்றைத் தின்றுவிட்டது. ரெண்டு மணி ஷிப்டுக்கு மில் பஸ் வருகிற நேரம் வேறு ஆகிவிட்டது. பொம்மையன் கிளம்பாமல் ஹெட்போனைக் கழற்றிப் பாரூக்கின் தலையில் மாட்டினான்.

"அவன் எப்பிடி வாசிக்கிறான்னு நீ சொல்லு."

"நல்லா இருக்கு."

"நல்லா இருக்குன்னா? எப்பிடி நல்லா இருக்கு? சொல்லித் தொலைடா!"

பாரூக் பத்து வருசமாகக் கேசட் விற்கிறவன். ஓர் ஆல்பம் ஏன் நன்றாக இருக்கிறது என்று சொல்லவேண்டிய தேவை அவனுக்கு ஒருநாளும் வந்ததில்லை. அதற்குத்தான் பொம்மையன் இருந்தானே. வார்த்தைகளைத் தேடித் தேடிப் பார்த்தான். ஏதோ மெல்லச் சொன்னான்.

பொம்மையன் தன் வலது காதை அவன் பக்கம் திருப்பி நீட்டினான்.

"என்ன சொன்ன? சத்தமாச் சொல்லுடா."