எஸே இல்லை, அகெல்

தனுஷியா ஒரு சுற்றுலாக் கம்பனியில் வழிகாட்டி. ஸ்பானிய மொழி படிக்கத் தொடங்கியது வேலைக்காகத்தான். கூட வேலை செய்யும் ஹட்டன்காரி நிஷாந்தியும் சேர்ந்துகொண்டாள். ஞாயிறுதோறும் வெள்ளவத்தையில் தனுஷியாவின் வீட்டில் உட்கார்ந்து, இருவரும் ஒரே ஃபோனில் பாடம் பார்த்தார்கள்.

சுட்டுச் சொற்கள்தான் இடறின. பேசுகிறவருக்குக் கிட்ட இருந்தால் எஸ்தே. கேட்கிறவர் பக்கத்தில் இருந்தால் எஸே. இருவருக்கும் எட்டாத தூரத்தில் இருந்தால் அகெல்.

"இது, அது. ரெண்டு போதாதா? நடுவுல இன்னொன்னு எதுக்கு?" என்றாள் நிஷாந்தி.

தனுஷியாவுக்கும் விளங்கவில்லை. குசினியிலிருந்து அம்மா பத்மாவதியின் குரல் கேட்டது.

"பிள்ளை, உந்த ஃபோனை வைச்சிட்டு ரெண்டு பேரும் சாப்பிட வாங்கோ."

தனுஷியா கையிலிருந்த ஃபோனைப் பார்த்தாள். தனக்கு இந்த ஃபோன். அம்மாவுக்கு உந்த ஃபோன். மேசையில் கிடந்த சீப்பை எடுத்துக்கொண்டு குசினி வாசலுக்கு ஓடினாள்.

"அம்மா, இது என்ன?"

"உது சீப்பு. சாப்பாட்டு மேசையில ஏன் வைச்சனீ?"

ஜன்னலுக்கு வெளியே கடலில் நின்ற கப்பலைக் காட்டினாள். "அங்கை?"

"அது கப்பல். உனக்கென்ன விசரே?"

"ஏய், உங்க வீட்ல மூனும் இருக்குடி!" என்று கத்தினாள் நிஷாந்தி.

யாழ்ப்பாணத்திலிருந்து வந்த அம்மா நாள் முழுக்கப் புழங்கும் சொல் இந்த 'உது'. பள்ளிக்கூடத்தில் சிநேகிதிகள் சிரித்ததால் தனுஷியா அதை எப்போதோ கைவிட்டிருந்தாள். அன்று பின்னேரம் வரை இருவரும் வீட்டுச் சாமான்களை ஒவ்வொன்றாகச் சுட்டி அம்மாவைப் படாதபாடு படுத்தினார்கள். மின்விசிறி உதுவா அதுவா என்று கேட்டபோது பத்மாவதி அண்ணாந்து பார்த்துத் தடுமாறினாள்.

"நான் யோசிச்சே கதைக்கிறனான்?"

அடுத்த மாதம் பிலார் என்ற ஸ்பானியப் பெண் வந்தாள். மீன்பிடிக் கரைகளைப் படமெடுப்பவள். தனுஷியா அவளை முகத்துவாரக் கடற்கரைக்குக் கூட்டிப்போனாள். கரையில் புஷ்பராஜ் என்ற மீனவர் கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்தார். கடல் கொந்தளிப்பாக இருந்தது. நீண்ட லென்ஸ் வழியே பார்த்துக்கொண்டிருந்த பிலார் திடீரென்று கையை நீட்டி ஏதோ படபடவென்று சொன்னாள். தனுஷியாவுக்குப் பிடிபட்டது 'அகெல் பார்க்கோ' மட்டும்தான். பார்க்கோ என்றால் படகு.

கிட்டத்தில், பிலார் நின்ற பக்கம் கற்களின் ஓரம், ஒரு படகு சும்மா ஆடிக்கொண்டிருந்தது. "எஸே பார்க்கோ?" என்று அதைக் காட்டினாள்.

"எஸே இல்லை. அகெல்! அகெல்!"

தனுஷியா பார்வையைத் தூக்கினாள். கிட்டத்துப் படகைத் தாண்டி, நங்கூரமிட்டு நின்ற ஒரு கப்பலையும் தாண்டி, அலைக்குள் ஏதோ கறுப்பாகத் தலைகாட்டி மறைந்தது. கமராவை வாங்கிக் கண்ணில் வைத்தாள். முக்கால்வாசி அமிழ்ந்த படகு ஒன்று. அதைப் பிடித்தபடி ஒருவன் சட்டையைக் கழற்றி ஆட்டினான்.

"அண்ணே, அங்க ஒரு போட் தாழுது!"

புஷ்பராஜ் கண்ணை இடுக்கினார். "எங்க மிஸ்? கப்பல்தானே நிக்கிது."

"கப்பலுக்கு அங்கால! அதுக்கும் அங்கால!" அவள் கமராவை அவரிடம் நீட்டினாள்.

ஒரு தரம் பார்த்தவர் வலையை எறிந்துவிட்டு ஓடினார். "மல்லி, எஞ்சினைப் போடு!" என்று தன் படகில் இருந்த பையனிடம் கத்தினார்.

அவர்கள் திரும்பி வரும்வரை பிலார் தனுஷியாவின் கையை விடவில்லை. இரண்டு பேரைக் கொண்டுவந்தார்கள். எஞ்சின் நின்று, தண்ணீர் ஏறி, விடிந்ததிலிருந்து தத்தளித்திருக்கிறார்கள். மூத்தவர் மணலில் குந்தி இருமினார். இளையவன் வந்தவர்களையெல்லாம் பார்த்துச் சிரித்தான். பிறகு முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதான். புஷ்பராஜ் தன் மாற்றுச் சாரத்தை எடுத்து அவனுக்குப் போர்த்தினார்.

வாகனத்தில் ஏறியபின், தன் வீட்டிலும் மூன்று சொல் உண்டு என்று தெரிந்த ஸ்பானியத்தில் தனுஷியா சொல்லிப் பார்த்தாள். பிலார் நிமிர்ந்து உட்கார்ந்தாள். கடந்துபோன காலத்துக்கும் நாங்கள் அகெல் போடுவோம் என்றாள். உங்கள் நடுச்சொல் காலத்தோடு சேருமா என்று கேட்டாள்.

அந்தக் காலம் என்று சொல்வதுண்டு. உந்தக் காலம்? தனுஷியா வாய்க்குள் சொல்லிப் பார்த்தாள். தெரியவில்லை. ஃபோனை எடுத்து அம்மாவுக்கு அழைத்தாள்.