செத்த மீனுக்குச் சாட்சி

"ஏரியிலே விஷம் கலக்கினவன் இவன்தான்" என்று துலுக்காணத்தைக் காட்டினான் பாக்கியநாதன். கும்மிடிப்பூண்டி ரசாயனத் தொழிற்சாலையின் காவலாள் அவன்.

தொழிற்சாலைக் குழாய் ஏரியில் கொட்டும் கழிவுநீரால் மீன் சாகிறது என்று புகார் கொடுக்கப் போன மீனவன், இன்று குற்றவாளிக் கூண்டில் நின்றான். மீன் பிடிக்க விஷம் கலந்தால் ஜெயில். அந்தச் சட்டத்தைத் தொழிற்சாலை மேனேஜர் அவன்மேலேயே திருப்பிவிட்டார்.

"எங்கே பார்த்தாய்?" என்றார் சர்க்கார் வக்கீல்.

"குழாய் விழுகிற நாவலடியில். வெள்ளிக்கிழமை விடியற்காலை. மருந்தைக் கொட்டி வலை கட்டினான்."

துலுக்காணத்தின் மனைவி கெங்கம்மாள் நிமிர்ந்தாள். பழவேற்காடு ஏரியில் வலை கட்டும் உரிமைக்குப் பாடு என்று பெயர். எந்த நாள் எந்தக் குப்பத்துக்கு என்று முறை உண்டு. அடுத்தவன் பாட்டில் இறங்கினால் வலை அறுபடும், மண்டையும் உடையும். வெள்ளிக்கிழமைப் பாடு வடக்குக் குப்பத்துத் தணிகாசலத்துடையது. போன வருஷம் துலுக்காணத்தின் தலையில் துடுப்பை இறக்கியவன் அவன்தான்.

அவனும் கோர்ட்டு வராந்தாவில் நின்றிருந்தான். கெங்கம்மாள் அவனிடம் போனாள்.

"இன்னாண்ணே, சிரிச்சிக்கினு நிக்கிற?"

"ஒம் புருசன் உள்ள போறதப் பாக்கத்தான் பஸ் ஏறி வந்தேன்."

"நல்லா பாரு. ஒம் பாட்டுல பூந்து அவரு வலை கட்டினாராம். நீ தூங்கிக்கினு இருந்தியாம். கோர்ட்டுல எழுதிக்கினு கீறாங்க. இனிமே ஒங்க குப்பத்துல ஒன்ன எவன் மதிப்பான்?"

சிரிப்பு அணைந்தது.

மதியம் துலுக்காணத்தின் வக்கீல் தணிகாசலத்தைச் சாட்சிக் கூண்டில் ஏற்றினார்.

"எம் பாட்டுலயா? இவனா? கால ஒடச்சி கையில குடுத்திருப்பேன். இவன் அயோக்கியன், எசமான். ஆனா அன்னிக்கி வரல. அங்க வலை கட்டினது நாங்க."

சர்க்கார் வக்கீல் பாய்ந்தார். "அப்படியானால் விஷம் வைத்தது நீங்களா?"

"எவனாவது தஞ்சோத்துல மண்ண அள்ளிப் போட்டுக்குவானா?" தணிகாசலம் பாக்கியநாதன் பக்கம் திரும்பினான். "அன்னிக்கி அங்க வந்த வெளியாளு இவன் ஒருத்தன்தான். இன்னாத்துக்கு வந்தான்னு கேளுங்க."

மாஜிஸ்திரேட் கேட்டார். பாக்கியநாதன் மேனேஜர் முகத்தைப் பார்த்தான். அவர் ஜன்னலைப் பார்த்தார்.

"கழிவுக் குழாயின் வால்வைத் திறக்க, ஐயா."

துலுக்காணம் விடுதலையானான். குழாயைப் பற்றித் தம் முன் வழக்கு எதுவும் இல்லை என்று சொல்லி மாஜிஸ்திரேட் எழுந்தார்.

வாசலில் துலுக்காணம் தணிகாசலத்தைக் கையெடுத்துக் கும்பிட்டான்.

"கிட்ட வராத" என்றான் தணிகாசலம். "கொயாய் மேல நான் கேசு போடப் போறேன். நீ வந்து சாட்சி சொல்ற. வரலேன்னா, அந்தத் துடுப்பு இன்னும் ஊட்லதான் கீது."