தறி நின்றவர்கள் பட்டியல்

மணி ஒன்றே முக்காலிலிருந்து ரேவதி சுவர்க் கடிகாரத்தை நானூறு தடவையாவது பார்த்திருப்பாள். கடிகாரம் வெட்கப்பட்டு முள்ளை மறைத்துக்கொள்ளாதது ஆச்சரியம். உட்காருவாள், எழுவாள், பிரிண்டரில் மாட்டியிருந்த காகிதத்தைத் தடவுவாள், மறுபடி உட்காருவாள். காஞ்சிபுரத்தின் அந்தப் பட்டு நெசவாளர் சொசைட்டிக்கு 2001இல் கம்ப்யூட்டர் வந்தது. அதற்கு அவள் ஒருத்திதான் ஆபரேட்டர், அதுவும் தற்காலிகம்.

மூன்று மணிக்குத் 'தறி நின்றவர்கள்' பட்டியலை வாசலில் ஒட்ட வேண்டும். ஆறு மாதமாக ஒரு சேலைகூடக் கொண்டுவராதவர்களுக்கு இனித் தறியில் ஏற்றும் பாவு நூல் கிடையாது என்று தீர்மானம். ஒட்டிய கையோடு மற்றவர்களுக்குப் பாவு கொடுப்பார்கள். இன்று விட்டால் இனி நாற்பது நாள் கழித்துத்தான். பாவு ஏறாத தறியில் எட்டுக்கால் பூச்சிதான் நெய்யும்.

அச்சடித்துப் பார்த்த மாதிரியில் பதினோராவது பெயர் மங்கையர்க்கரசி. அவளேதான் ஜன்னலுக்கு வெளியே நின்றிருந்தாள், காலையில் தறியிலிருந்து அறுத்த சேலையை அக்குளில் இடுக்கிக்கொண்டு.

"பத்து நாளைக்கு ஒரு சேலை கொண்டாந்துக்கினு இருக்கிறேன். என் தறி நின்னுபோச்சுன்னு எவம்மா சொன்னது?"

"கம்ப்யூட்டர் சொல்லுதுக்கா."

"அத்த என் வூட்டுக்கு இட்டுக்கினு வா. தறிச் சத்தத்துல அதுக்குக் காது போவட்டும்!"

உள்ளே மின்விசிறிக்கு நேர் கீழே நாற்காலி போட்டிருந்த டைரக்டர் கலியாணசுந்தரம் சிரித்தார். அந்தச் சிரிப்பில் அவர் விரலிலிருந்த மூன்று மோதிரமும் சேர்ந்து சிரித்தன. "மெஷினுக்குப் பொய் சொல்லத் தெரியாதும்மா. ரேவதி, அடிச்சு ஒட்டு. என்னத்துக்கு இழுத்துக்கினு இருக்குற?"

இழுக்காமல் என்ன செய்வாள்? அந்தப் பட்டியல் 'வியூ' என்று சொல்லும் வகை. திரையில் பட்டியல் மாதிரியே தெரியும். ஆனால் சொந்தமாக ஒரு பெயர்கூட அதனிடம் இருக்காது. கேட்கும்போதெல்லாம் வேறு பட்டியல்களிடம் ஓடி, வாங்கிவந்து, அந்த நிமிஷத்துக்குக் காட்டும். ரேவதி அப்படிப் பதினான்கு வியூ கட்டி வைத்திருந்தாள், ஒன்றின் தோள்மேல் ஒன்றாக. உச்சியில் நிற்பது தப்பாகப் பேசினால், எந்தத் தோள் ஆடியது என்று கீழே இறங்கி ஒவ்வொன்றாகக் கேட்க வேண்டும்.

இறங்கினாள். 'தறி நின்றவர்கள்' வாங்குவது 'ஆறு மாதச் சேலை' என்ற வியூவிடம். அதைத் திறந்தாள்: மங்கையர்க்கரசிக்கு நேரே சைபர். அது வாங்குவது 'ஆளும் சீட்டும்' என்ற வியூவிடம். அங்கேயும் சைபர். காகிதத்தின் முதுகில் பென்சிலால் கோடு இழுத்துக்கொண்டே வந்தாள். இரண்டு இருபது. பென்சிலின் பின்பக்கத்தைப் பாதி தின்றிருந்தாள்.

அதற்கும் கீழே வியூ இல்லை; நிஜமான பட்டியல்கள் இரண்டே இரண்டு. ஒன்று உறுப்பினர்கள், ஒன்று சேலை வந்த சீட்டுகள். 'ஆளும் சீட்டும்' பட்டியலை மறுபடி மேலும் கீழும் உருட்டியவள், மங்கையர்க்கரசிக்கு அடுத்த வரியில் நின்றாள்.

"அக்கா, செல்லியம்மாளைத் தெரியுமா?"

"எங்க எதிர் வூடு. ஏன்?"

"ஆறு மாசத்துல பதினெட்டுச் சேலை கொண்டாந்திருக்காங்களா?"

மங்கையர்க்கரசி சிரித்த சிரிப்பில் ஜன்னல் கம்பி அதிர்ந்தது. "அவளா! கையில கட்டு போட்டுக்கினு பங்குனியிலேர்ந்து படுத்திருக்குது. பதினெட்டு என்னுதும்மா!"

ரேவதிக்குப் புரிந்தது. ஒருத்தி சேலை அடுத்தவள் கணக்கில். அப்படியானால் மங்கையர்க்கரசிக்கு முந்தின வரிக்காரருடைய வெறுமைதான் இவள் தலையில் விழுந்திருக்கிறது. எல்லாரும், நானூற்றுப் பன்னிரண்டு பேரும், ஒரு படி நகர்ந்திருக்கிறார்கள்.

சீட்டு எழுதும் குமாஸ்தா பாச்சாவிடம் ஓடினாள். சின்ன காஞ்சிபுரத்து மனிதர். சீட்டில் ஆளின் பெயரை எழுதமாட்டார். பதிவேட்டில் அந்த ஆள் எத்தனையாவது வரியோ, அந்த எண்ணைத்தான் போடுவார். நாற்பது வருஷமாக ஒரு வரிகூட அந்தப் பதிவேட்டை விட்டுப் போனதில்லை. உறுப்பினர் செத்தால் அதே வரியில் பிள்ளை பெயர் ஏறும். கம்ப்யூட்டரைக் கட்டிக்கொடுத்தவர்களும் அதை நம்பி, வரி எண்ணையே கொக்கியாக மாட்டிவிட்டுப் போனார்கள்.

"மாமா, மங்கையர்க்கரசி எத்தனாவது வரி?"

"இருநூத்திப் பதிமூணு."

திரையில் இருநூற்றுப் பன்னிரண்டு.

"முதல் வரி யாரு மாமா?"

"வேற யாரு? பேரருளாளன்."

ரேவதியின் முகத்தில் இருந்த ரத்தம் எல்லாம் வேகவதி ஆற்று மணலில் இறங்கிய தண்ணீர் போலக் காணாமல் போயிற்று. மூன்று வாரத்துக்கு முன் ஆங்கில எழுத்தில் பார்த்த பெயர். முகவரி இல்லை, தறி இல்லை, ரேஷன் கார்டு இல்லை, ஒரு சேலைகூடக் கொண்டுவந்ததில்லை. யாரோ போலி ஆள் என்று அழித்துவிட்டிருந்தாள்.

"அழிச்சிட்டேன் மாமா."

பாச்சா எழுந்தார். மூக்குக்கண்ணாடி எழவில்லை, மேஜையிலேயே தங்கிவிட்டது. "அடிப் பாவி! பெருமாளையா நீக்கினே? புதுப் பதிவேடு திறந்தா முதல் வரி அவருக்குன்னு எழுதி வெக்கறது வழக்கம்டி! வரதராஜனையே சொசைட்டிய விட்டு அனுப்பிட்டாளே!"

அந்தக் குரல் வரதராஜர் கோயில் இருக்கும் அத்திகிரி வரைக்கும் கேட்டிருக்கும். செயலாளர் ராஜகோபால் அறையிலிருந்து ஓடிவந்தார். ரேவதி மறைக்கவில்லை. பென்சில் கோடு போட்ட காகிதத்தை நீட்டினாள்: இந்தப் பட்டியல் இதிலிருந்து, அது அதிலிருந்து, அடியில் நான் எடுத்த ஒரு வரி. "தப்பு என்னுது சார். எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தரேன்." வேலை போகும் என்று அவளுக்கே தெரிந்தது.

இரண்டு நாற்பத்தெட்டு. முதல் வரியில் பேரருளாளனைச் செருகினாள். பதினான்கு வியூவில் ஒன்றையும் தொடவில்லை. மறுபடி திறந்ததும் எல்லாம் தானாக ஒரு படி இறங்கி அவரவர் இடத்தில் உட்கார்ந்தன. மங்கையர்க்கரசிக்கு நேரே பதினெட்டு.

தறி நின்றவர்கள் பட்டியலில் அவள் இருந்த இடத்தில் இப்போது வேறொரு பெயர். வரி எண் இருநூற்றுப் பன்னிரண்டு. கலியாணசுந்தரம்.

கலியாணசுந்தரம் திரையை எட்டிப் பார்த்தார்.

"இதென்ன கூத்து?" என்றார் அவர். மோதிரங்கள் சிரிக்கவில்லை. "ராஜகோபால், பழைய லிஸ்ட்டையே ஒட்டுய்யா."

ராஜகோபால் கூரையைப் பார்த்தார். "பாச்சா, இருநூத்திப் பன்னிரண்டு சீட்டு ஏதாவது இருக்கா?"

பாச்சா ஆறு மாதக் கட்டையும் புரட்டினார். "இருநூத்திப் பதினொண்ணு இருக்கு, பதிமூணு இருக்கு. பன்னிரண்டு ஒண்ணுகூட இல்லை. ஆனா அதை விடுங்கோ, லிஸ்ட்டுல முதல் பேரைப் பாத்தேளா? பெருமாள் தறி நின்னுடுத்துன்னு வாசல்ல ஒட்டினா நான் இந்தப் படியை மிதிக்கமாட்டேன்."

"அழிக்க மாட்டேன் மாமா," என்று அவசரமாகச் சொன்னாள் ரேவதி. "அவர் அடியில அப்படியே இருக்கட்டும். மேல இருக்குற வியூவுல 'முதல் வரி வேண்டாம்'னு ஒரே ஒரு நிபந்தனை போட்டா, பட்டியல்ல தெரியமாட்டார்."

கலியாணசுந்தரம் நாற்காலியை நகர்த்திக்கொண்டு அவள் பக்கம் வந்தார். குரலில் தேன் சொட்டிற்று. "ஒரு நிபந்தனை தானேம்மா? கையோட இருநூத்திப் பன்னெண்டும் வேண்டாம்னு சேர்த்துடு. எதுவும் அழியப்போறதில்ல. உன் வேலைய நிரந்தரம் பண்றது என் பொறுப்பு."

ரேவதியின் விரல்கள் கீபோர்டின் மேல் நின்றன. மங்கையர்க்கரசிக்கு எப்படியும் பாவு உண்டு. ஒரு எண். ஒரு கமா.

"பெருமாளுக்குத் தறியே இல்ல சார்," என்றாள். "உங்களுக்கு இருக்குது."

முதல் வரியை மட்டும் விலக்கி அச்சுக்குக் கொடுத்தாள். பிரிண்டர் கத்த ஆரம்பித்தது. ஊரிலேயே மெதுவான பிரிண்டர் அது. ஒரு பட்டியல் அடிப்பதற்குள் பட்டுப்புழு கூடு கட்டி முடித்துவிடும். ஜன்னலுக்கு வெளியே கூடியவர்கள் கழுத்தை நீட்டினார்கள். பெருமாள் விலகியதால் இப்போது பத்தாவதாகிவிட்ட வரியில் ஊசி இடமிருந்து வலமாக ஒவ்வொரு எழுத்தாகக் குத்திக்கொண்டு போயிற்று. நீளமான பெயர். அது முடிகிற வரைக்கும் யாரும் மூச்சு விடவில்லை. கலியாணசுந்தரம் உள்பட.

ராஜகோபால் காகிதத்தைக் கிழித்து, கையெழுத்துப் போட்டு, பசையைத் தேடினார்.

"பசை அப்புறம் தேடு சார்," என்றாள் மங்கையர்க்கரசி. "முதல்ல என் பாவை எடு."