நாலு பெல்ட்டுப் பழம்

அந்தப் பழக் கிடங்கில் பழம் ஓடி வரும் எந்த பெல்ட்டில் வேலையோ அதுவே ஆளுக்குப் பேர். ஆரஞ்சு பிரிக்கிறவர் ஆரஞ்சக்கா. கொய்யாவுக்கு ஒரு கொய்யா அண்ணன். பப்பாளிப் பெட்டி அடுக்குகிற ஒல்லிப் பெண் வெறும் பப்பாளி. ஆப்பிள் பெட்டிகளை ஃபோர்க்லிஃப்ட் வண்டியில் தூக்கிக் குளிர் அறையில் அடுக்குகிறவரை ஆப்பிள்காரர் என்றார்கள்.

அடிபட்டது, தழும்பு விழுந்தது என்று கழித்த பழத்தை வேலை முடிந்ததும் ஆளுக்கு ஒரு பை கொண்டு போகலாம். ஆனால் அவரவர் பெல்ட்டுப் பழம் மட்டும்தான். மாற்றி எடுத்தால் வாசல் காவலாளி பையைக் கொட்டச் சொல்லிவிடுவார்.

காய்ச்சல் வந்தால்தான் ஆப்பிளைக் கண்ணில் பார்க்கும் வீட்டில் பிறந்தவர் ஆப்பிள்காரர். மூன்று வருஷமாக தினமும் ஆப்பிள் என்றால் விடுவாரா? குடும்பத்தை ஊரில் விட்டு வந்த ஒற்றை ஆளுக்கு எதற்கு அடுப்பு என்று ராத்திரிக்கு ரொட்டி, ஆப்பிள், கூடவே கடுந்தேநீர் என்று முடித்துக்கொள்வார். போனில் பெண்டாட்டியிடம் தினமும் ஆப்பிள் சாப்பிடுவதாகப் பீற்றிக்கொள்வார்; வெறும் ரொட்டியைப் பற்றி மூச்சு விடமாட்டார். அந்த அம்மாளும் நம்பித் தெரு முழுக்கச் சொல்லி வைத்திருந்தாள்.

வருஷாந்திர உடல் பரிசோதனையில் குட்டு உடைந்தது. ரத்தத்தில் ஹீமோகுளோபின் ஒன்பது புள்ளி எட்டு. பதினொன்றுக்குக் கீழே இருப்பவர் வண்டியில் உட்காரக்கூடாது என்பது கிடங்கின் விதி. எட்டு வாரம் கழித்து மறுபடி பார்ப்பார்கள். அதுவரை கீழே நின்று பெட்டிக்குச் சீட்டு ஒட்ட வேண்டும். அப்போதும் ஏறாவிட்டால் ஊருக்கு டிக்கெட். மகளின் நர்ஸ் படிப்பு முடிய இன்னும் ஒரு வருஷம் பாக்கி.

டாக்டரம்மா வேறு எங்கும் கோளாறு இல்லை என்று பார்த்துவிட்டுச் சாப்பாட்டை விசாரித்தார்.

“பழம் சாப்பிடுறீங்களா?”

“தினமும் நாலு, டாக்டர்.”

“என்ன பழம்?”

“ஆப்பிள்.”

“அப்புறம்?”

“இன்னொரு ஆப்பிள்.”

டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்தார். ஆப்பிள் ஒன்றும் குற்றவாளி இல்லை, வயிற்றுக்கு நல்லதுதான் என்றார். ஆனால் பருப்பிலும் கீரையிலும் இருக்கிற இரும்புச்சத்து உடம்பில் சேர வைட்டமின் சி வேண்டும். அது ஆப்பிளில் கொஞ்சம்தான். கொய்யாவிலும் ஆரஞ்சிலும் நிறைய. பப்பாளி கண்ணுக்கும் நல்லது. ஒரு பழம் எல்லா வேலையும் பார்க்காது. இரும்பு மாத்திரை எழுதிக்கொடுத்து, சாப்பாட்டோடு தேநீரைத் தொடவே கூடாது என்றார்.

கொய்யா மலையாகக் குவிந்த இடத்தில் வேலை பார்த்துக்கொண்டு, கடையில் போய் விலைக்கு வாங்க அவருக்கு மனசு வரவில்லை. யாரிடமும் கேட்கவும் கூச்சம். மூன்றாம் நாள், சீட்டுக் கட்டைத் தூக்கிக்கொண்டு நாலு படி ஏறியவர் மூச்சு வாங்கிக் கம்பியைப் பிடித்து நின்றார். ஆரஞ்சக்கா பார்த்துவிட்டார். அவர் துருவித் துருவிக் கேட்டதில் எல்லாம் வெளியே வந்தது.

“இதுக்கா மூஞ்சியத் தொங்கப் போட்டுட்டுத் திரியுறீங்க? பையில வச்சுதானே கொண்டுபோகக் கூடாது? வயித்துல வச்சுக் கொண்டுபோனா எந்தக் காவலாளி புடிப்பான்?”

மறுநாள் மதியம் சாப்பாட்டு மேசையில் நாலு பெல்ட்டுப் பழமும் ஒரே தட்டில் வந்து உட்கார்ந்தது. அப்போதுதான் தெரிந்தது, எல்லாருமே இதே கூத்துத்தான். ஆரஞ்சைத் தின்று தின்று அக்காவுக்கு நெஞ்செரிச்சல். கொய்யா அண்ணன் வீட்டில் கொய்யா என்று சொன்னாலே பிள்ளைகள் ஓடி ஒளிகிறார்களாம். பப்பாளி பாவம், வேறு பழத்தின் ருசியே மறந்துபோச்சு என்றாள்.

ஆப்பிள்காரர் வீட்டில் அடுப்பு மூட்ட ஆரம்பித்தார். மதியத்துக்குப் பருப்பும் கீரையும் கட்டிக்கொண்டு வந்தார். அவருடைய தேநீர் பிளாஸ்க் ஆரஞ்சக்காவின் காவலில் இருந்தது. சாப்பிட்டு ஒரு மணி நேரம் ஆகாமல் கெஞ்சினாலும் கிடைக்காது. ஆப்பிள்காரருக்குக் கடைவாய்ப் பல் இரண்டு இல்லை. அதைப் பார்த்து வைத்திருந்த கொய்யா அண்ணன், அவர் பங்குக்கு மட்டும் விதையைச் சுரண்டி எடுத்துவிட்டு வைப்பார். ஒருநாளும் அதைப் பற்றி வாய் திறந்ததில்லை. ஆப்பிள்காரர் அந்தத் துண்டுகளை வேகமாகத் தின்றதே இல்லை.

எட்டாவது வாரம் வந்தது. ரத்தம் கொடுத்துவிட்டு முடிவுக்குக் காத்திருந்தபோது மகளின் முகம்தான் கண்ணுக்குள் நின்றது. டாக்டரம்மா தாளைப் பார்த்தார். பதினொன்று புள்ளி மூன்று. வண்டி ஓட்டலாம், மாத்திரையை மட்டும் இன்னும் மூன்று மாதம் விடாதீர்கள் என்றார்.

மேசைக்குத் திரும்பியபோது ஒருத்தரும் இன்னும் சாப்பிடத் தொடங்கவில்லை. எண்ணைச் சொன்னார். பப்பாளி எழுந்து அவருக்கு நாற்காலியை இழுத்துப் போட்டாள்.

உட்கார்ந்த கையோடு பெண்டாட்டிக்குப் போன் போட்டு, இத்தனை நாள் மறைத்ததை முதலிலிருந்து சொன்னார். கேட்டு முடித்ததும் அவள் சொன்னாள்:

“அந்த அக்காகிட்ட போனைக் குடுங்க.”

ஆரஞ்சக்கா வாங்கினார். என்ன கேட்டாளோ, அக்கா “அட, விடும்மா, விடும்மா” என்றே சொல்லிக்கொண்டிருந்தார். பிறகு கொய்யா அண்ணன் கைக்குப் போனது போன். அவர் பேசாமல் தலையை மட்டும் ஆட்டினார், ஏதோ அந்த அம்மாளுக்குத் தெரியப்போகிற மாதிரி. பப்பாளி பேசி முடித்தபோது கண்ணைத் துடைத்துக்கொண்டாள். கடைசியாகத்தான் ஆப்பிள்காரரிடம் வந்தது.

“இனிமே நீங்க என்ன சாப்பிடுறீங்கன்னு உங்ககிட்ட கேக்கப் போறதில்ல,” என்றாள் பெண்டாட்டி. “அக்கா நம்பர் வாங்கிட்டேன்.”