முப்பத்தோராம் பக்கம்

திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு ஆதவன் குழுவில் வாக்கெடுப்பைப் போட்டான். 'கடைசி வால்யூமுக்கு விமல்ராஜ் வேண்டுமா?' கீழே இரண்டு கட்டங்கள்: வேண்டும், வேண்டாம். ஒரு மணிவரை நேரம்.

நான் வேங்கிக்காலில், கலெக்டர் ஆபீசுக்கு எதிரே இருக்கும் ஜெராக்ஸ் கடையில் மனு தட்டிக்கொண்டிருந்தேன். குறைதீர் நாள். வரிசை தெருவரை நின்றது. போனைக் கீபோர்டுக்கு அடியில் பாதி செருகி வைத்திருந்தேன்.

எங்கள் குழுவின் பெயர் அணில்வால். மாங்கா எனப்படும் ஜப்பானியப் படக்கதைகளைச் சம்பளம் இல்லாமல் தமிழில் கொண்டுவருகிறோம். வேலை செய்கிறவர்கள் நான்கு பேர், படிக்கிறவர்கள் ஆயிரத்துச் சொச்சம். யாரும் யாரையும் நேரில் பார்த்ததில்லை. சென்னையில் இருக்கும் வேதா அக்கா மொழிபெயர்ப்பார். விமல்ராஜின் அப்பாவுக்குக் கீழ்பென்னாத்தூரில் மல்லாட்டை, அதாவது நிலக்கடலை மண்டி. அங்கே உட்கார்ந்து அவன் புத்தகத்தை ஸ்கேன் செய்து, ஜப்பானிய எழுத்துகளை அழித்துத் தருவான். வெறுமையான குமிழிகளுக்குள் தமிழ் வசனத்தை வைப்பது நான்.

ஆதவன் அட்மின். எட்டு மாதமாக நாங்கள் வெளியிடும் 'ஏழாவது மதகு' கதைக்கு, அதை வரைந்த அம்மாவிடம் எழுதிக் கேட்டு அனுமதி வாங்கியவன் அவன்தான். அவர் ஒரே ஒரு நிபந்தனை வைத்தார். மாங்காவை வலமிருந்து இடமாகப் படிக்க வேண்டும். வேறு மொழிக்காரர்கள் சிலர் தங்கள் வசதிக்காகப் பக்கத்தைக் கண்ணாடியில் தெரிவதுபோல இடம் வலம் மாற்றிவிடுவார்கள். அதை மட்டும் செய்யக் கூடாது.

சனிக்கிழமை வெளியான பாகத்தில் முப்பத்தோராம் பக்கம் இடம் வலம் மாறியிருந்தது.

ஊரை மூழ்கடித்த மதகைத் திறந்தது யார் என்பது தெரியவருவது அந்தப் பக்கத்தில்தான். வேதா அக்கா வசனங்களுக்கு வலப்பக்கத்திலிருந்து எண் போட்டு அனுப்புவார். நான் அந்த வரிசையில் வைப்பேன். பக்கம் மாறிப்போனதால் அண்ணன் தைகி சொல்ல வேண்டிய 'திறந்தது நான்தான்' என்ற வசனம் தங்கை ஷினோவின் குமிழிக்குள் போய்விட்டது.

சனிக்கிழமை இரவு முழுக்கக் குழு கொண்டாட்டமாக இருந்தது.

"தங்கச்சிதான்னு நான் மூணாவது பாகத்துலயே சொன்னேன்," என்று எழுதினார் பசித்தபுலி என்ற வாசகர்.

"நீ பாகத்துக்கு ஒருத்தர சொன்ன. அந்த ஊர்ல ஆடு மாடு மட்டும்தான் பாக்கி," என்றது மழைப்பூனை.

ஞாயிறு விடிந்ததும் அரைடிக்கெட் என்பவர் கேட்டார். "ஷினோ எடது கைக்காரிதானே. இதுல ஏன் வலது கைல வெளக்கு புடிச்சிருக்கா?"

ஆதவன் எங்கள் நால்வருக்கும் பொதுவான ஃபோல்டரைத் திறந்து பார்த்தான். விமல்ராஜ் எழுத்தை அழித்து வைத்திருந்த பக்கமே மாறித்தான் இருந்தது. அதோடு விசாரணை முடிந்தது.

எனக்கு மட்டும் முடியவில்லை. அழித்த இடத்தில் கறை தெரிகிறதா என்று பார்க்க எனக்கு ஒரு வழக்கம் உண்டு. பக்கத்தை ஒருமுறை இடம் வலம் மாற்றிப் பார்ப்பேன். பழகிப்போன கண்ணுக்குத் தப்பிய கறை அப்போது பளிச்சென்று தெரியும். பார்த்ததும் பழையபடி மாற்றிவிடுவேன். எழுத்து இல்லாத பக்கம் எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்று சொல்லாது. வியாழக்கிழமை கடையில், அப்படி மாற்றிவைத்திருந்த நேரத்தில் பான் கார்டுக்கு ஒருவர் வந்தார். அவசரமாக, விமல்ராஜின் கோப்பின் மேலேயே சேவ் செய்துவிட்டு எழுந்துபோனேன். ஞாயிறு காலை அந்தக் கோப்பைக் கடைசியாகச் சேமித்த நேரத்தைப் பார்த்தேன். வியாழன், பகல் பதினொன்றே கால். நால்வருக்கும் ஒரே லாகின். யார் சேமித்தது என்று வேறு யாருக்கும் தெரியாது.

சொல்லியிருக்கலாம். ஆனால் கடைசி வால்யூமில் முதல் இருபது பக்கத்தை நானே மொழிபெயர்க்கலாம் என்று வேதா அக்கா சொல்லியிருந்தார். ஒரு வருடமாக அவரிடம் போனில் ஜப்பானிய மொழி படிக்கிறேன். பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்தால் மலை தெரியாது எனக்கு, 'தமிழில்: வேதா, கவிநிலா' என்ற வரிதான் தெரியும்.

இதற்குள் விமல்ராஜே எழுதிவிட்டான். "நானாதான் இருக்கும். மண்டில லோடு ஏத்தற நேரத்துல ஸ்கேன் பண்ணேன். எப்படி மாறுச்சின்னு ஞாபகமே இல்ல. மன்னிச்சிருங்க." வாசகர்கள் விடவில்லை.

"ஞாபகம் இல்லியாம். மல்லாட்ட எண்ணினு இருந்திருப்பாரு."

"ரெண்டு தடவ லேட்டு. மூணாவது தடவ இது."

"அந்தம்மா கேட்டதே ஒண்ணுதான். அதக்கூட காப்பாத்தலன்னா எந்த மூஞ்சோட அடுத்த வால்யூம் கேக்கறது?"

திங்கள் பதினொன்றரைக்கு 'வேண்டாம்' இருநூறைத் தாண்டியிருந்தது. நான் எந்தக் கட்டத்தையும் தொடவில்லை.

"என்னா பாப்பா, போனயே பாத்துகினு இருந்தா என் மனு எப்ப ஆவும்?" என்றார் எதிரே நின்ற அம்மா. பெயர் காசியம்மாள். அவர் தெருவில் மூன்று வீட்டுக்கு மட்டும் குடிநீர்க் குழாய் விட்டுப்போயிருந்தது.

"இதோ முடிஞ்சிதுமா."

"கலெக்டரு எழுந்து போயிட்டாருன்னா நீயா வந்து பைப்பு போடுவ?"

வரிசையில் சிரித்தார்கள். 'மேற்படி முகவரியில் வசித்து வரும்' என்பதை மூன்றாம் முறையாகத் தவறாகத் தட்டினேன்.

பன்னிரண்டே முக்கால். வேண்டாம் முந்நூற்றுப் பதினொன்று, வேண்டும் தொண்ணூற்று நான்கு. ஆதவன் எழுதினான். "ஒரு மணிக்கு அந்தம்மாவுக்கு மெயில் அனுப்பறேன். தப்பு யாரோடது, அவர எடுத்துட்டோம்னு பேரோட சொல்லிடறதுதான் மரியாத."

பேரோடு. ஜப்பானில் ஏதோ ஒரு மேசையில் அந்த அம்மா அதைப் படிப்பார். விமல்ராஜ் என்று ஒருவன் தன் பக்கத்தைத் திருப்பிவிட்டான் என்று நம்புவார்.

அப்போது விமல்ராஜிடமிருந்து எனக்குத் தனியாக ஒரு செய்தி வந்தது.

"நிலா, அந்த தொண்ணூத்தி நாலுல நீ ஒண்ணுன்னு தெரியும். தேங்க்ஸ்."

காசியம்மாளின் மனுவை அச்சுக்குக் கொடுத்தேன். தாள் வெளியே வரும் நேரத்தில் போனை எடுத்துக் குழுவில் தட்டினேன். மனு தட்டிப் பழகிய விரல்கள் அன்று எழுத்து எழுத்தாகத் தேடின.

"முப்பத்தோராம் பக்கத்த மாத்தினது நான். விமல் வச்சிருந்தது சரியாதான் இருந்தது. கறை பாக்க திருப்பினேன், மறந்து அது மேலயே சேவ் பண்ணிட்டேன். வியாழக்கிழமை பதினொன்னே கால். மெயில்ல என் பேர எழுதுங்க."

அனுப்பினேன். வரிகள் படிக்க முடியாத வேகத்தில் ஓடின. அவற்றின் நடுவே வேதா அக்காவின் பெயர் தெரிந்தது.

"நேத்து பூரா அவன் திட்டு வாங்கும்போது நீ ஆன்லைன்லதான் இருந்த, நிலா."

அவ்வளவுதான் எழுதினார். இருபது பக்கத்தைப் பற்றி ஒன்றும் இல்லை. ஆதவன் வாக்கெடுப்பை அழித்தான். ஒன்று அடிக்க ஐந்து நிமிடம் இருக்கும்போது, 'நீங்கள் இக்குழுவிலிருந்து நீக்கப்பட்டீர்கள்' என்று வந்தது.

காசியம்மாள் தாளை மடித்து ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டு ரோட்டைக் கடந்து ஓடினார்.

போன் மறுபடி அதிர்ந்தது. விமல்ராஜ்.

"உனக்கு எப்பத்திலேருந்து தெரியும்?"

பொய் சொல்ல இடம் இருந்தது. அன்று காலைதான் பார்த்தேன் என்றால் நம்பியிருப்பான்.

"நேத்து காலையிலேருந்து," என்று அனுப்பினேன்.

அவன் எழுதுவதும் நிறுத்துவதும் திரையில் தெரிந்துகொண்டே இருந்தது. அடுத்த ஆள் ஆதார் நகலை நீட்டினார். வாங்கி வைத்துவிட்டுக் காத்திருந்தேன்.

"கடைசி வால்யூம் எரநூத்தி பன்னெண்டு பக்கம். எல்லாத்தயும் ஏற்கெனவே அழிச்சி முடிச்சிட்டேன். வேற எதையாவது திருப்பி வச்சிருக்கனோன்னு பயந்து, புக்க பக்கத்துல வச்சி ஒவ்வொண்ணா சரி பாத்துட்டிருக்கேன். நேத்து காலையில அம்பதாவது பக்கத்துல இருந்தேன்."

"இப்ப?"

"நூத்தி எழுவது."

"இனிமே பாக்க வேணாம், விமல். உன்னுது எல்லாம் சரியாதான் இருக்கும்."

ஆதார் நகலை மெஷினில் வைத்தபோது அவன் பதில் வந்தது.

"இருக்கும். ஆனா இனிமே யார் சொன்னாலும் பாக்காம விட முடியாது. மீதி நாப்பத்தி ரெண்டயும் பாத்துட்டுதான் எழுந்திருப்பேன்."