பூட்டிய கிடங்கு

நாவலின் மூன்றாம் அத்தியாயத்தை அவள் எழுதி முடித்த அன்று, அவள் பிறப்பதற்கு முன்பே எரித்துக் கொல்லப்பட்டவர்கள் அவளுடைய வீட்டுக்குக் குடிவந்தார்கள். தோல் கறுப்பு என்பதற்காகவே பஞ்சுக் கிடங்கில் அடைத்துத் தீ வைக்கப்பட்டவர்கள். தீ வைத்தவர்கள் வெளுத்த நிறத்து அக்கம்பக்கத்தார். ஊர் அதை விபத்து என்று பதிந்துகொண்டது. நீதிமன்றத் தட்டச்சரான அவள் நாவலில் கொலை என்று எழுதினாள். வந்தவர்கள் கூடத்திலும் மாடிப்படியிலும் நெருக்கியடித்து உட்கார்ந்தார்கள். தையற்காரரான கணவர், “கொஞ்சம் தள்ளிக்குங்க” என்று சொல்லித் துணி வெட்டப் பழகினார். வந்தவர்களில் அவளுடைய அப்பாவின் அக்காவும் இருந்தாள். சிறுமியாகச் செத்தவள், அதற்கு மேல் வளரவில்லை. தலை நரைத்த இவள் “அத்தை” என்று கூப்பிட்டால், பாவாடையை இழுத்துவிட்டுக்கொண்டு “என்னடி மருமகளே” என்பாள்.

பதிப்பாளர்கள் ஒவ்வொருவராகக் கைவிரித்தார்கள். பழைய புண்ணைக் கிளறுவானேன் என்றார் ஒருவர். வருடங்கள் ஓடின. பஞ்சும் தூசியும் தின்ற நுரையீரலோடு கணவர் படுத்த படுக்கையானார். “கண்ண மூடுறதுக்குள்ள புத்தகத்த ஒரு தடவ கையில வாங்கிப் பாத்துடணும்” என்றார். அப்போதுதான் ஒரு பதிப்பாளர் இறங்கிவந்தார். வெளுத்த நிறத்தவர். “எங்க ஆளு ஒருத்தர் வந்து கிடங்குக் கதவத் திறந்து விடுற மாதிரி மாத்துங்கம்மா. படிக்கிறவங்களுக்கு ஒரு ஆறுதல் வேணாமா?”

கணவரின் முகத்தை நினைத்து அவள் மாற்றி எழுதினாள்.

மறுநாள் காலை செத்தவர்கள் எல்லோரும் வாசலில் முண்டியடித்துக் கதவைத் தட்டிக்கொண்டிருந்தார்கள். கதவு விரியத் திறந்துதான் கிடந்தது. வெறுங்காற்றில் விழுந்த ஒவ்வொரு தட்டும் மரத்தில் விழுந்ததுபோல் கேட்டது. அத்தையின் விரல் முட்டிகள் கிழிந்திருந்தன. “யாரோ திறந்துட்டாங்கன்னு எழுதினியாமே. திறக்கலையேடி.”

அவள் தரையில் விழுந்து அழுதாள். கட்டிலிலிருந்து கணவர் மூச்சு வாங்கச் சொன்னார்: “கிழிச்சுப் போடு. எனக்குப் பொய் வேணாம்.” கிழித்தாள். தட்டுவது நின்றது. அந்த வாரமே அவர் போய்ச் சேர்ந்தார்.

விளம்பரச் சீட்டு அடிக்கும் அச்சகக்காரர் ஒருவர், தன் பெயரைப் போடக் கூடாது என்று கெஞ்சிக் கேட்டுக்கொண்டு புத்தகத்தை அடித்துக் கொடுத்தார். கடைகள் வாங்கவில்லை. தெருத் தெருவாக அவளே சுமந்து விற்றாள். பலர் முகத்தில் அடித்தாற்போல் கதவைச் சாத்தினார்கள், சிலர் வாங்கிக் கொளுத்தினார்கள். புத்தகத்தைப் படித்தவர் வீட்டுக்கும் கொளுத்தியவர் வீட்டுக்கும் பேதம் பார்க்காமல் செத்தவர்கள் போய் உட்கார்ந்தார்கள்.

ஒரு மதியம், வெளுத்த நிறத்துப் பெண்ணொருத்தி அவள் வாசலில் வந்து நின்றாள். “எங்க கூடத்துல எட்டுப் பேர் உக்காந்திருக்காங்க. எதுவுமே பேச மாட்டேங்கறாங்க. நான் என்னங்க பண்ணட்டும்?”

“தொண்டை காஞ்சிருக்கும். தண்ணி கொடுங்க.”

இப்போது அந்த ஊரில் காலையில் எழுந்ததும் கூடத்தில் ஒரு குடம் தண்ணீர் வைக்கிறார்கள். மாலைக்குள் காலியாகிவிடுகிறது. மறுபடி நிரப்புகிறார்கள்.